அப்பாவுக்குக் கார்-டி: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

அப்பாவுக்கு டிஎல்பிசிஎல் வகை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். ஆர்-சாப் கீமோவை முடித்து, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு மறுபடி போக ஆரம்பித்தவருக்குக் கழுத்தில் திரும்பவும் கட்டி. டாக்டர் கார்-டிக்குச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். நம் ரத்தத்திலுள்ள டி செல் என்ற எதிர்ப்புச் செல்லை எடுத்து, புற்றைத் தாக்கும்படி லேபில் மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுகிற சிகிச்சை அது. எங்களுக்குக் கொடுத்தது ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19. வெளிநாட்டில் கோடிகளில் ஆவது இங்கே லட்சங்களில் முடிகிறது. அந்த லட்சங்களுக்கே எங்கள் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போனது.

கிளம்பும் முன் பழைய பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் துண்டு) லேபில் கேட்டு வாங்கிவிடுங்கள். புற்றுச் செல்லின் மேல் சிடி19 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கக் கேட்டார்கள். இந்த டி செல்கள் தேடிப்போய் அடிப்பது அதைத்தான்.

ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, டி செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். வலி பெரிதாக இல்லை, மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பதுதான் பாடு. அதன்பின் செல் தயாராகி வரும்வரை காத்திருப்பு. என்னைக் கேட்டால் மொத்தத்தில் கொடுமை அதுதான், நோய் நமக்காகக் காத்திருப்பதில்லையே.

செல் வந்ததும் மூன்று நாள் கீமோ, புதுச் செல்லுக்கு இடம் காலி பண்ண. பிறகு அந்தச் செல் உள்ள ஒரு சின்னப் பை. ஏறி முடிய அதிக நேரமே ஆகவில்லை. "இதுக்கா இவ்வளவு?" என்றார் அப்பா.

காய்ச்சல் வரும் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்கள். வந்தது, பிரஷரும் இறங்கியது. டோசிலிசுமாப் ஊசி போட்டதும் அடங்கியது. நான் பயந்தது அதற்கடுத்துத்தான். தினமும் நர்ஸ் வந்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார். அப்பா வம்புக்கென்றே "இன்னைக்கு வெள்ளி விலை என்ன?" என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் எழுத்து கோணிக்கொண்டு போனது. எண்ணும்போது எழுபதோடு நின்றுவிட்டார். கிராம் கணக்கை மனசிலேயே போடுகிற மனுஷன்! மூளையைத் தொடுகிற பக்கவிளைவாம். உடனே ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சில நாளில் தெளிந்தார். கூட இருப்பவர்கள் அந்தத் தாளைத் தினமும் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் சேலம் வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். செல் ஏறியதிலிருந்து நாலு வாரம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கணும் என்று எங்களிடம் சொன்னார்கள். ரூம் வாடகையையும் கணக்கில் சேருங்கள். வண்டி ஓட்டவும் எட்டு வாரம் தடை போட்டார்கள். நோயைவிட இதற்குத்தான் அப்பாவுக்குக் கோபம்.

முதல் பெட் ஸ்கேனில் கட்டி இல்லை. ஆனால் அதே சிடி19 உள்ள நல்ல பி செல்களும் (கிருமியை எதிர்க்கும் புரதம் இவற்றிலிருந்துதான் வருகிறது) புற்றோடு போய்விடுவதால் எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைவுதான், அவ்வப்போது அந்தப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம். காய்ச்சல் என்றால் கைவைத்தியம் பார்ப்பதில்லை, கார்-டி எடுத்தவர் என்று காட்டும் அட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.