காட்டிக்கொடுத்த செல்லோ

ஓர் உளவுப் படத்துக்குப் பின்னணி இசை அமைக்க ஒப்புக்கொண்டபோது, சந்தேகத்தை ஒலியாக்குவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். முதல் 3 வாரங்கள் அந்த நினைப்பிலேயே கழிந்தன. அப்போது எழுதியதில் பாதிக்கு மேல் பிறகு பயன்படவில்லை.

பிழையை எனக்கு உணர்த்தியது ஒரு சாதாரணக் காட்சி. நாயகனின் மேலதிகாரி ஒரு கோப்பினை மேசைமேல் வைத்துவிட்டு, சன்னலருகே நின்று மழையைப் பற்றி ஏதோ பேசுகிறார். அவர் எதிர்த்தரப்புக்கும் வேலை செய்பவர் என்பது படத்தின் இறுதிப் பகுதியில்தான் வெளிப்படும். அவர் முகத்தைத் திருப்பும் கணத்தில் வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோக்களில் ஒரு தாழ்ந்த சுரத்தை நீளமாக இழுத்திருந்தேன். இயக்குநர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "இந்த அறையில் யாருக்கும் தெரியாத விஷயம் உங்கள் செல்லோவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வோர் இசைத்துண்டுக்கும் நான் வைத்திருக்கும் குறிப்பில், அந்த நொடியில் நாயகனுக்கு என்ன தெரியும், பார்வையாளருக்கு என்ன தெரியும் என்று எழுதிய பிறகே சுரத்தைத் தொட்டேன். பார்வையாளருக்குக் கூடுதலாகத் தெரிந்த இடங்களில் இசை அவரோடு சேர்ந்து பதறலாம். இருவருக்குமே தெரியாத இடத்தில் இசை எச்சரித்தால், அது எழுத்தாளர் கட்டிய முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிடுகிறது. மேலதிகாரிக்குக் கிளாரினெட்டில் ஓர் இதமான மெட்டு போட்டேன், நம்பத்தகுந்த மனிதருக்குப் போடுவதுபோலவே.

என் இசை வரும்வரை படத்தொகுப்பாளர் தற்காலிகமாக ஒட்டிவைத்திருந்த ஜேம்ஸ் பாண்ட் பாணி இசை இன்னொரு தொல்லை. 1962-இல் வந்த 'டாக்டர் நோ' என்னும் பாண்ட் படத்துக்காக மான்டி நார்மன் எழுதி, ஜான் பேரி வாத்தியங்களுக்கு அமைத்த மெட்டில், விக் ஃபிளிக்கின் மின்கிதாரும், மைனர் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) மேல் அதோடு ஒட்டாத மேஜர் செவன்த் சுரம் உரசும் அந்தக் கடைசி கார்டும் காதில் விழுந்தாலே போதும், கேட்பவர் மனத்தில் கோட் சூட் அணிந்த ஒற்றன் வந்து நின்றுவிடுவான். ஆனால் அதே பேரிதான் 1965-இல் 'தி இப்கிரஸ் ஃபைல்' படத்தில், கண்ணாடி அணிந்த, மேலிடத்தோடு ஒத்துப்போகாத ஓர் ஒற்றனுக்காகச் சிம்பலோம் என்னும் தந்திக்கருவியைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் நாயகன் இந்த இரண்டாமவனின் ரகம். அவனுக்கு முதலாமவனின் டிரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகள் பொருந்தாது என்பதை இயக்குநருக்குப் புரியவைக்கவே ஒரு மாலை பிடித்தது.

கிசுகிசுப்பு பற்றி யாரும் என்னை முன்பே எச்சரித்திருக்கவில்லை. உளவுப் படத்தில் பாதிப் பேர் மெல்லிய குரலில் பேசுகிறார்கள். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, மிஞ்சுவது பெரும்பாலும் மூச்சின் இரைச்சல்தான். அதனால், அதே போன்ற இரைச்சலை எழுப்பும் தாளக்கருவிகளான, நான் ஆசையாகச் சேர்த்திருந்த ஹை-ஹாட்டும் ஷேக்கரும் வசனத்தையே விழுங்கின. அவற்றை எடுத்துவிட்டு, துடிப்பை, தந்திகளை விரலால் மீட்டும் டபுள் பாஸ் என்னும் தாழ்ந்த ஒலியுடைய பெரிய கருவிக்கு மாற்றினேன்.

கடைசியாகப் பெட்டக அறைக் காட்சி. நிமிடத்துக்கு 72 துடிப்பு, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் படத்தில் ஒரு துடிப்புக்குச் சரியாக 20 ஃபிரேம் என்று வைத்து, பூட்டு திறக்கும் இடத்தில் ஓர் அடி விழும்படி எழுதியிருந்தேன். படம் இனி மாறாது என்று உறுதி சொன்ன பிறகு, பூட்டுக்கு முன்னால் 11 ஃபிரேம்களை வெட்டினார்கள். அரைத் துடிப்புக்குச் சற்றே அதிகம். ஆனால் அடி பூட்டுக்குப் பின்னால் விழுந்து, காட்சி அசடு வழிந்தது. ஒரே இடத்தில் வெட்டினால் காது கண்டுபிடித்துவிடும் என்பதால், அதற்கு முந்தைய 11 துடிப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிரேமைக் குறைத்தேன். வேகம் 72-இலிருந்து ஏறத்தாழ 76-க்கு ஏறியது. நாயகனின் நெஞ்சு படபடப்பதாகவே அது கேட்டது. இரவு 2 மணிக்கு, வாசிப்பவர்களின் காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக்கைத் திருத்தி முடித்தபோது எனக்கே கொஞ்சம் கர்வம்.

இறுதி ஒலிக்கலவையின்போது, கலவைப் பொறியாளர் அந்த இடத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். பூட்டின் சிறு உலோக ஒலியே போதும் என்று என் அடியை மட்டும் அணைத்துவிட்டார். மீண்டும் ஓட்டினார். அவர் செய்தது சரிதான்.