அறியாதவர்களாகவே இருந்தாக வேண்டியவர்கள்

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் மகள் ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் வரிசையைப் பார்க்கத் தொடங்கினாள். பதினோராம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டுக் கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள், எதிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டாள். 1966-இல் வந்த முதல் தொடரிலிருந்து தொடங்கச் சொன்னேன். அவளோ கைப்பேசியில் ஒரு பட்டியலைத் தேடி எடுத்துவிட்டு, "கதை எந்த வருசத்துல ஆரம்பிக்குதோ அங்கிருந்தே பாத்துக்கறனுங் சித்தப்பா, அதானுங்களே மொறை?" என்றாள். கதைக்குள் ஓடும் ஆண்டுக் கணக்கின்படி, 2001-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய என்டர்பிரைஸ் தொடர்தான் முதலில் வரும். அதன் கதை 2151-இல் தொடங்குகிறது. கேப்டன் கர்க்கும், வல்கன் என்னும் வேற்றுக்கோள் இனத்தைச் சேர்ந்த அவருடைய அதிகாரி ஸ்பாக்கும் வரும் மூலத் தொடரின் கதையோ 2260-களில் நடப்பது. அவள் சொன்ன முறையில் தர்க்கப் பிழை ஏதும் இல்லாததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதன் விளைவு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. மூலத் தொடரில் 1966 டிசம்பரில் ஒளிபரப்பான 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' என்ற பகுதியை இருவரும் சேர்ந்து பார்த்தோம். என் கணிப்பில் அந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதிகளுள் அது ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் மனிதர்களும் ரோமுலன்கள் என்னும் வேற்றுக்கோள் இனத்தாரும் ஒரு போர் புரிந்தனர். அக்காலத்துக் கப்பல்களில் எதிரியின் முகத்தைப் பார்த்துப் பேசும் வசதி இல்லை. சமாதான உடன்படிக்கைகூட வானொலி வழியாகவே முடிந்தது. ஆகவே இருதரப்பிலும் ஒருவர் முகத்தை ஒருவர் இதுவரை கண்டதில்லை என்று ஸ்பாக் விளக்குகிறார். பின்னர் ரோமுலன் கப்பலின் உட்புறம் முதன்முறையாகத் திரையில் விரிகிறது. அங்கே அமர்ந்திருக்கும் தளபதியின் காதுகள், நம் பக்கத்தில் நிற்கும் ஸ்பாக்கின் காதுகளைப் போலவே கூர்மையாக இருக்கின்றன. கப்பலின் மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் மெல்லத் திரும்பி ஸ்பாக்கைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில், பகைவன் யார், நம்மவன் யார் என்ற கேள்வி வசனமே இல்லாமல் எழுந்துவிடுகிறது. அந்தப் போரில் தன் முன்னோரை இழந்த ஸ்டைல்ஸ் என்னும் இளம் அதிகாரி, அதற்குப் பிறகு ஸ்பாக்கை உளவாளியாகவே பார்க்கிறான்.

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இவங்க மூஞ்சியத்தானுங்க ஏற்கெனவே பாத்தாச்சே" என்றாள்.

உண்மைதான். என்டர்பிரைஸின் நான்காவது பருவத்தில், 2005-இன் தொடக்கத்தில் வந்த மூன்று பகுதிகளில், ரோமுலன்கள் தொலைவிலிருந்தே ஓர் ஆளில்லாக் கப்பலை இயக்கிப் பிற இனங்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார்கள். கேப்டன் ஆர்ச்சரும் அவர் கூட்டத்தாரும் கடைசிவரை அவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்வையாளர்களாகிய நமக்கு மட்டும் காட்டப்படுகிறது. எழுத்தாளர்கள் விதியை மீறாமல் எழுதியிருக்கிறார்கள் என்று ஒருவர் வாதிடலாம். ஆளில்லாக் கப்பல் என்ற ஏற்பாடே அந்த விதிக்குக் கட்டுப்பட்டுப் பிறந்த அழகான யோசனை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாத்திரங்களின் அறியாமையைக் காப்பாற்றிவிட்டுப் பார்வையாளரின் அறியாமையைச் செலவழித்துவிட்டார்கள். 1966-இல் எழுதியவர்கள் சேர்த்துவைத்த முதலை, 2005-இல் எழுதியவர்கள் எடுத்துத் தீர்த்ததாகவே எனக்குப் படுகிறது.

பத்திரம் எழுதுவது என் தொழில் என்பதால், முன்கதைத் தொடர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் மூலப்பத்திரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒரு கிரயப் பத்திரத்தில் சொத்தின் வரலாறு முதலில் எழுதப்படும்: இன்ன ஆண்டில் இன்னாரிடமிருந்து இன்ன வகையில் பாத்தியப்பட்டது, அதற்குமுன் அவருக்கு இன்ன வகையில் வந்தது என்று. அந்த வரிகள் முந்தைய பத்திரங்களோடு பொருந்த வேண்டும். செக்குபந்தியில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்; அன்றாடம் நடப்பதுதான். முன்கதைத் தொடரின் வேலையோ தலைகீழானது. மகன் கையிலிருக்கும் பத்திரம் 1966-இலேயே பதிவாகிவிட்டது. பாட்டன் பத்திரத்தை 2001-இல் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மகன் பத்திரத்தில் "இதற்குமுன் இவர்களை யாரும் கண்டதில்லை" என்று ஒரு வரி இருந்தால், பாட்டன் பத்திரம் அந்த வரியை மெய்யாக்கும்படி எழுதப்பட வேண்டும். பெயர், அளவு, நிறம் ஆகியவை பிசகினால் திருத்திக்கொள்ளலாம். அறியாமை பிசகினால் திருத்த வழியில்லை என்பதே என் கட்சி.

என்டர்பிரைஸ் தொடரைக் குறைகூறுவோர் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது திருத்தக்கூடிய பிழைகளைத்தான். 2151-இன் கப்பல், 2260-களின் கப்பலைவிட நவீனமாகத் தெரிகிறது என்பார்கள். 1979-இல் வந்த முதல் திரைப்படத்தில், என்டர்பிரைஸ் என்ற பெயர் தாங்கிய பழைய கலங்களின் படங்கள் ஒரு சுவரில் வரிசையாக இருக்கும். அங்கே ஆர்ச்சரின் கப்பல் இல்லை என்பார்கள். மூலத் தொடருக்கு முதலில் எடுத்த மாதிரிப் பகுதியில் வீரர்கள் லேசர் துப்பாக்கி வைத்திருக்க, அதற்கு நூறாண்டு முந்தைய ஆர்ச்சரின் ஆட்களிடம் அதைவிட மேலான துப்பாக்கி எப்படி வந்தது என்பார்கள். இவை எல்லாம் மெய்தான், ஆனால் மூலத் தொடரே இப்படிப்பட்ட பிசகுகள் நிறைந்தது: 1966-இல் வந்த ஒரு பகுதியில் கர்க்குக்காக எழுப்பப்படும் கல்லறைக் கல்லில் அவருடைய பெயரின் நடு எழுத்தே வேறாக இருக்கிறது. இவற்றைக் கணக்கில் எடுப்பது, பத்திரத்தில் ஒற்று மிகவில்லை என்பதற்காகக் கிரயத்தையே செல்லாது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

என்னை உறுத்துபவை வேறு. 2002 மார்ச்சில் வந்த ஒரு பகுதியில் ஃபெரங்கி என்னும் வேற்றுக்கோள் இனத்தார் நால்வர் ஆர்ச்சரின் கப்பலை மயக்கவாயு செலுத்திக் கொள்ளையடிக்கிறார்கள். ஆனால் மனிதர்கள் ஃபெரங்கிகளை முதன்முதலாக நேருக்கு நேர் சந்திப்பது, இருநூறு ஆண்டுகள் கழித்து, இன்னொரு தொடரின் கேப்டனான பிக்கார்டின் காலத்தில் நடப்பதாக 1987-இலேயே காட்டியாகிவிட்டது. இதற்கு எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி, அந்தப் பகுதி முழுவதும் 'ஃபெரங்கி' என்ற சொல்லை யார் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொண்டதுதான். பெரிய காதும் பேராசையும் உடைய நால்வர் கப்பலைச் சூறையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேப்டன் அவர்களைப் பற்றி அறிக்கை எழுதியிருக்க மாட்டாரா, ஒரு படம்கூட எடுத்து வைத்திருக்க மாட்டாரா என்று கேட்டால் பதில் இல்லை. பெயரைச் சொல்லாமல் விட்டால் ஆளே வரவில்லை என்று ஆகிவிடுமா?

அடுத்த ஆண்டு போர்க் (Borg) என்னும் பாதி எந்திர இனத்தைக் கொண்டுவந்தபோதும் இதே தந்திரம்தான். 2003 மே மாதம் வந்த 'ரீஜெனரேஷன்', தனியாகப் பார்த்தால் மிக விறுவிறுப்பானது. 1996-இன் திரைப்படத்தில் காலத்தில் பின்னோக்கி வந்து வீழ்ந்த, அந்தப் போர்க் இனத்தாருடைய கலத்தின் சிதைவுகளை ஆர்க்டிக் பனிக்கடியிலிருந்து ஆய்வாளர்கள் எடுக்கிறார்கள் என்ற தொடக்கமே கதைகளுக்கு இடையே நன்றாகப் போட்ட முடிச்சு. இறுதியில் அவர்கள் அனுப்பிய செய்தி தம் இருப்பிடத்தை அடைய இருநூறு ஆண்டுகளாவது ஆகும் என்று சொல்லி, பிற்காலக் கதையோடு கணக்கையும் நேர்செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பகுதியில் கப்பலின் மருத்துவர் ஃபிளாக்ஸ், போர்க் நுண்கருவிகள் தம் உடலுக்குள் புகுந்தபின் கதிர்வீச்சால் தம்மைத் தாமே குணப்படுத்திக்கொள்கிறார். 1989-இல் ஒளிபரப்பான 'கியூ ஹூ' பகுதியில் பிக்கார்டின் கூட்டத்தார் போர்க் இனத்தை முன்பின் அறியாமல் எதிர்கொண்டு நடுங்கும்போது, அந்த மருத்துவக் குறிப்பு எந்த அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது? பெயர் தெரியாது என்பதால் நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது என்றாகிவிடாது. அங்கே பிக்கார்டின் அச்சம்தான் கதை. அதற்கு அடியிலிருந்த மண்ணை இந்தப் பகுதி தோண்டிவிட்டது.

2002-இன் 'மைன்ஃபீல்ட்' பகுதியையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். அதில் ரோமுலன்களின் குரல் மட்டும் வருகிறது, முகம் வருவதில்லை, அதுவரை சரி. ஆனால் அவர்களுடைய கப்பல்கள் மறைந்து தோன்றுகின்றன. 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' பகுதியிலோ, ஒரு கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் போவது கோட்பாட்டளவில் இயலக்கூடும் என்று ஸ்பாக் ஒரு புதுச் செய்தியாகத்தான் சொல்கிறார். முகத்தை மறைக்க நினைவிருந்தவர்களுக்குக் கப்பலை மறைக்கக்கூடாது என்பது நினைவில்லாமல் போனது வேடிக்கைதான்.

இன்னொரு வேற்றுக்கோள் இனமான கிளிங்கான்களின் நெற்றி விவகாரத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. 1960-களில் ஒப்பனைக்குப் பணமில்லாததால் அவர்களுடைய நெற்றி வழுவழுப்பாக இருந்தது. 1979-இன் திரைப்படத்தில் பணம் வந்ததும் மேடுகள் முளைத்தன. 1996-இல், மூலத் தொடரின் முப்பதாம் ஆண்டை ஒட்டி வந்த ஒரு பகுதியில் இதைக் கேட்கும் நண்பர்களிடம், நாங்கள் வெளியாரோடு அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கிளிங்கானான வோர்ஃப் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதைவிடச் சிறந்த விடை ஒன்று இருக்க முடியுமென்று நான் நினைக்கவில்லை. 2005-இல் என்டர்பிரைஸ் இரண்டு பகுதிகளைச் செலவிட்டு அதற்கு விளக்கம் தந்தது: மரபணு மாற்றம் செய்யப்பட்ட மனிதர்களின் கூறுகளைக் கிளிங்கான்கள் தம்மில் ஏற்றிப் பார்க்க, அது கொள்ளைநோயாகப் பரவ, ஃபிளாக்ஸ் கண்ட மருந்து உயிரைக் காத்து நெற்றியை வழித்துவிட்டது. கெட்டிக்காரத்தனமான கதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வோர்ஃபின் மௌனத்தில் ஒரு குலத்தின் மானம் இருந்தது. இந்த விளக்கத்திற்குப் பின் அங்கே ஒரு மருத்துவச் சீட்டு இருக்கிறது.

இத்தனையும் சொன்ன நான், அதே நான்காவது பருவத்தின் வல்கன் கதைக்குக் கைதட்டுவேன். முதல் மூன்று பருவங்களில் வல்கன்கள் பொய் சொல்கிறார்கள், ஒற்று வேலை பார்க்கிறார்கள், மனத்தோடு மனம் கலக்கும் வழக்கமுடையவர்களை இழிந்தவர்களாக ஒதுக்குகிறார்கள். ஸ்பாக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை, எனக்கும் பொறுக்கவில்லை. மேனி கோட்டோ பொறுப்பேற்று நடத்திய நான்காவது பருவத்தில், 2004-இன் கடைசியில் வந்த மூன்று பகுதிகள் அந்தக் குற்றச்சாட்டைத் துடைத்து மறைக்கவில்லை. ஆம், அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்று ஏற்றுக்கொண்டு, ஞானி சுராக்கின் மூல உபதேசம் பாலைவனத்திலிருந்து மீட்கப்பட்டபின் ஓர் ஆட்சியே கவிழ்ந்து, வல்கன்கள் நாமறிந்த வல்கன்களாகத் திரும்புவதைக் காட்டின. 1967-இல் மூதாட்டியாக வந்த டிபாவை அங்கே இளம்பெண்ணாகப் பார்க்கிறோம். இந்தக் கதையால் பிற்காலத்தார் யாருடைய வியப்பும் குறையவில்லை. அவர்களுக்குத் தெரியாததாகச் சொல்லப்பட்ட எதுவும் இங்கே முன்கூட்டியே தெரிந்துவிடவில்லை.

பிறகு வந்த முன்கதைகள் இதைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2017-இல் தொடங்கிய டிஸ்கவரி, ஸ்பாக்குக்கு அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு வளர்ப்புச் சகோதரியைக் கொடுத்தது. ஸ்பாக் ஏன் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை என்ற கேள்விக்கு, இரண்டாம் பருவத்தின் முடிவில், டிஸ்கவரி என்ற அவளுடைய கப்பலைப் பற்றிப் பேசினாலே தேசத்துரோகம் என்ற கட்டளையே விடையாக வந்தது. ஃபெரங்கியின் பெயரைச் சொல்லாமல் விட்ட அதே தந்திரம் இங்கே சட்டமாகிவிட்டது. 2022-இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் எனக்கு மிகவும் பிடித்த தொடர் என்றாலும், அதில் கோர்ன் இனத்தைக் கையாண்ட விதத்தை மன்னிக்க மனம் வரவில்லை. 1967-இன் 'அரீனா'வில் கர்க் தமக்கு முன்பின் தெரியாத ஒரு பல்லி மனிதனோடு மோதி, அவர்கள் தம் எல்லையைக் காக்கத்தான் தாக்கினார்களோ என்று ஐயுற்று, கொல்லாமல் விடுகிறார். அந்த இரக்கம் அறியாமையிலிருந்து அறிவுக்கு எடுத்துவைத்த ஓர் அடி. கோர்ன்கள் மனித உடலில் முட்டையிட்டுப் பெருகுபவர்கள் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே விண்படைக்குத் தெரிந்திருந்தால், கர்க்கின் ஐயமே பொருளற்றதாகிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டவர்களுக்கு, முடிவு தெரிந்த கதையை முதலிலிருந்து கேட்பது புதிதல்ல. பொன்னரும் சங்கரும் பிறக்கும் இரவிலேயே, கேட்போர் அனைவருக்கும் படுகளம் தெரியும். சிறுவனாக அதைக் கேட்டபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: பாடகர் அந்தப் பிள்ளைகளுக்குத் தம் முடிவு தெரிந்ததுபோல ஒரு வரியும் பாட மாட்டார். அவர்கள் வயலையும் எல்லையையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கேட்பவர் நெஞ்சு கனப்பது அதனால்தான்.

என்டர்பிரைஸின் முதல் பகுதியிலும் அப்படி ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. ஓக்லஹோமாவின் ஒரு மக்காச்சோளக் காட்டில் கிளிங்கான் ஒருவன் வந்து விழ, அங்கிருந்த விவசாயி தாம் சுடுவது யாரை என்று அறியாமலே சுட்டுவிடுகிறார். கிளிங்கான்களோடு நேர்ந்த முதல் சந்திப்பு பேரழிவாகிப் பல்லாண்டுப் போருக்கு இட்டுச்சென்றது என்று 1991-இல் பிக்கார்டு சொன்னது இதனோடு முழுதும் பொருந்தவில்லை என்பது வேறு. அந்த விவசாயியின் திகைப்பு மெய்யானது. சத்தியமங்கலம் சாலையில் இரவில் காட்டுப்பன்றி விரட்டும் எவரும் அவரைப் புரிந்துகொள்வார்கள்.

இப்போது அண்ணன் மகளின் தம்பியும் பார்க்க வேண்டும் என்கிறான். இம்முறை நான் விட்டுக்கொடுக்கவில்லை. 1966-இலிருந்து ஒரு வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் பகுதியைப் பத்து நிமிடம் பார்த்தவன், "அட்டையில செஞ்ச கப்பலாட்ட இருக்குதுங் சித்தப்பா" என்றான். 2005-இல் என்டர்பிரைஸ் குழுவினர் அதே அட்டைக் கப்பலின் மேல்தளத்தை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி, 2155-இன் மனிதர்கள் அந்தப் பொத்தான்களைக் கண்டு வாய்பிளந்து நிற்பதாக இரண்டு பகுதிகள் எடுத்திருக்கிறார்கள் என்றும், அவர்கள் கண்ணால் பார்த்தால் அது அட்டையாகத் தெரியாது என்றும் அவனிடம் சொன்னேன்.

"அப்ப அத மொதல்ல போடுங் சித்தப்பா" என்றான்.