200 வந்தால் சோதனை முடிந்ததா?

ஏபிஐக்கு, அதாவது ஆப்பும் சேர்வரும் பேசிக்கொள்ளும் வழிக்கு, டெஸ்ட் எழுதிவிட்டேன் என்று பலர் காட்டுவது இவ்வளவுதான்: எல்லாம் சரி என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோட் 200 வந்ததா, ரெஸ்பான்ஸுக்குள் எதிர்பார்த்த சொல் இருக்கிறதா. இது சும்மா கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று கேட்பது மாதிரி.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து நிறுவையைப் பதியும் ஓர் ஆப்புக்கு இப்போது டெஸ்ட் எழுதுகிறேன், உதாரணமும் அங்கிருந்தே. மத்தியான நிறுவை இன்னும் பதியவில்லை என்றால் சேர்வர் 'நல்' (null, மதிப்பு இல்லை) அனுப்ப வேண்டும், கொழுந்தே எடுக்கவில்லை என்றால் 0. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் நல்லை எண்ணாக மாற்றினால் 0தான் வரும், எரர் எதுவும் வராது. பதியாத நிறுவை பூச்சியமாகி, மொத்தம் குறைந்து, நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய அக்காவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். ஸ்கிரீனில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். நிறுவைக்கான கீயே, அதாவது மதிப்புக்கு முன்னால் வரும் பெயரே, வராமல் போவது இன்னொரு கதை, அதற்கும் தனி டெஸ்ட் வேண்டும்.

டைப்பையும் பாருங்கள். நிறை எண்ணாக வராமல் மேற்கோள் குறிக்குள் வந்தால் 18.5ஐயும் 12ஐயும் கூட்டும்போது கிடைப்பது 18.512. இதில் கொடுமை என்னவென்றால், பார்த்தால் அசல் நிறை மாதிரியே இருக்கும்.

முழு ரெஸ்பான்ஸையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். ரெஸ்பான்ஸ் வரும் ஜேசன் (JSON) வடிவத்துக்கான தரநிலை ஆர்எஃப்சி 8259இன்படி ஆப்ஜெக்டுக்குள் கீகளுக்கு வரிசை கிடையாது, பட்டியலான அரேக்குத்தான் உண்டு. பார்ஸ் பண்ணிவிட்டு, அதாவது அந்த எழுத்துகளைத் தரவாக மாற்றிவிட்டு, ஒப்பிட்டால் போதும். பிஎச்பியும் பைத்தனும் தமிழ் எழுத்துகளை வழக்கமாக எஸ்கேப் பண்ணித்தான் (\u0BAA மாதிரிக் குறியீடாக்கித்தான்) அனுப்பும், பார்ஸ் பண்ணினால் அதுவும் சரியாகிவிடும்.

சரியாகாத ஒன்று இருக்கிறது. 'பொன்னம்மா'வில் உள்ள 'பொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் டெஸ்ட் ஃபெயில் ஆகும், எதிர்பார்த்ததும் வந்ததும் ஒரே பெயராகத் தெரிவதால் என்ன கோளாறு என்றே பிடிபடாது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் என்எஃப்சிக்கு (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவம்) மாற்றிவிட வேண்டும், ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்புத்தான்.

'சௌந்தரி'தான் இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டுபவர்கள் ஏராளம், நானே பதிவுகளில் பார்க்கிறேன். அதை என்எஃப்சி தொடாது, ஏனென்றால் அந்த 'ள' உண்மையிலேயே வேறு எழுத்து. ஆகவே டெஸ்ட் டேட்டாவில் இந்த இரண்டு பெயரையும் கட்டாயம் போடுங்கள், ஆளை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் பதிவு இலக்கத்தை வைத்தே ஒப்பிடுங்கள்.