சிற்றலையில் கட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

அமெச்சூர் வானொலியில் தட்டச்சு வழியே உரையாட விரும்புவோர் பெரும்பாலும் பிஎஸ்கே31 முறையிலிருந்தே தொடங்குகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டினெஸ் உருவாக்கிய இம்முறையில், நொடிக்கு 31.25 முறை ஊர்தி அலையின் (செய்தியைச் சுமக்கும் வானொலி அலையின்) கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலை, 180 பாகை திருப்பப்படுகிறது அல்லது அப்படியே விடப்படுகிறது. அமைதியான அலைவரிசையில் சில வாட் திறனே இதற்குப் போதும். ஆனால் துருவப் பகுதியைக் கடந்து வரும் சிக்னலில், ஓசை பலமாகக் கேட்கும்போதே திரையில் எழுத்துகள் குழம்பிவிடும்.

அயனி மண்டலத்தில் பல பாதைகளில் எதிரொளித்து வரும் அலைகள் சில மில்லிநொடி முன்பின்னாகச் சேர்ந்து, சில வேளை ஒன்றையொன்று வலுப்படுத்தியும் சில வேளை அழித்தும் விடுகின்றன. அடுக்குகள் ஓயாமல் அசைவதால் கட்டமும் உடன் அலைகிறது. இரைச்சல் மட்டுமே உள்ள தடத்தில், ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை என்ற அளவை பிஎஸ்கே31 பயன்படுத்தும் இருநிலைக் கட்டப் பண்பேற்றம் ஏறத்தாழ 7 டெசிபெல் சிக்னல்-இரைச்சல் விகிதத்தில் எட்டிவிடும். பல பாதை அலைகள் கலந்து சிக்னல் ஏறி இறங்கும் ராலே வகை ஃபேடிங்கில் (தேய்வில்) அதற்கே சுமார் 24 டெசிபெல் தேவை. அதாவது, 50 மடங்கு திறன்! பிழைகள் யாவும் சிக்னல் அடியோடு தேயும் கணங்களில் குவிவதால், திறனை மட்டும் கூட்டுவது வீண்செலவு என்பதே என் கருத்து.

நியூசிலாந்தின் மர்ரே கிரீன்மன் வடிவமைத்து, இத்தாலியின் நினோ போர்சினோ மென்பொருளாக்கிய எம்எஃப்எஸ்கே16 என்ற தட்டச்சு முறை வேறு வழியில் செல்கிறது. வெவ்வேறு அதிர்வெண் கொண்ட பதினாறு தொனிகளில் எது வந்தது என்பதை மட்டும் பார்ப்பதால், கட்டம் எப்படி அலைந்தாலும் பெரிய கேடில்லை. ஒவ்வொரு தொனியும் 64 மில்லிநொடி நீடிப்பதால், சில மில்லிநொடித் தாமதத்துடன் வரும் எதிரொளிப்பு அதன் ஓரத்தை மட்டுமே தொடும். ஒரு தொனி சுமக்கும் நான்கு பிட்டுகளில் பாதி அளவு பிழைதிருத்தத்துக்கே போய்விடுகிறது. மேலும், அடுத்தடுத்த பிட்டுகள் காலத்தில் கலைத்து அனுப்பப்படுவதால், ஒரு தேய்வு விழுங்கிய பகுதி பெறும் முனையில் சிதறிய தனிப்பிழைகளாக மாறித் திருத்தத்துக்கு வசப்படுகிறது. இதற்கு விலையாக எழுத்துகள் சில நொடி பிந்தியே திரைக்கு வரும். உரையாடலுக்கு அது பெரிய இடையூறாகாது.

பிழைதிருத்தம் மட்டுமே போதும் என எண்ணுவோர் பிஎஸ்கே31-இன் நான்கு கட்ட வடிவமான க்யூபிஎஸ்கே31 முறையைக் கவனிக்கலாம். அதில் திருத்தம் உண்டு, கலைத்தல் இல்லை. நான்கு கட்டங்களைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால், கட்டம் நடுங்கும் பாதையில் அது எளிய இருநிலை முறையிடமே தோற்றுவிடக்கூடும்.

எம்எஃப்எஸ்கே16 முறையில் தொனிகளின் இடைவெளி 15.625 ஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால், அதிர்வெண் நகரும் பழைய கருவிகளுக்கு அது ஒத்துவராது. அத்தகைய கருவி வைத்திருப்போருக்கு, போலந்தின் பவெல் யாவோகா உருவாக்கிய ஒலிவியா என்ற தொனி முறையின் 1000 ஹெர்ட்ஸ் அகலமும் 32 தொனிகளும் கொண்ட வடிவத்தையே பரிந்துரைப்பேன்.