ஸ்வாப் டெஸ்டுக்குப் போனால் பில்லைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஒருவழியாக என் வெள்ளைப்படுதலுக்குச் சரியான மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் டெஸ்ட் செய்த லேப் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

வேளச்சேரியில் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில், மஞ்சளாக வெள்ளைப்படுகிறது, எரிகிறது என்றதும் பரிசோதிக்காமலே ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின், செக்னிடசோல் மூன்றும் சேர்ந்த கிட்டை எழுதிவிட்டார்கள். பூஞ்சையோ பாக்டீரியாவோ, ஏதோ ஒன்று கேட்கும் என்ற கணக்கு. கேட்கவில்லை. அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின், அதுவும் வீண்.

மாம்பலத்தில் அக்கா பார்க்கிற லேடி டாக்டர்தான், மாத்திரை உடம்பில் இருந்தால் கல்ச்சரில் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கிருமி வளராமல் போகலாம் என்று எல்லாவற்றையும் நிறுத்தி, கொஞ்ச நாள் விட்டு பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்தார். லேப் கவுண்டரில் இருந்த பெண், பின்னால் வரிசை நிற்கும்போதே, "வெள்ளைப்படுதலா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். கூசிப்போய் பில்லைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். ரிப்போர்ட்டில் ஈ கோலை என்ற குடல் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்று ஒரே வரி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி பட்டியலே இல்லை! கேட்டால், "பில்லில் கல்ச்சர் மட்டும்தான் மேடம், கிருமி வளர்த்த பிளேட்டைத் தூக்கிப் போட்டாச்சு." டாக்டர் சீட்டில் 'கல்ச்சர், சென்சிடிவிட்டி' இரண்டும் இருந்தது. போனில் எடுத்து வைத்திருந்த சீட்டுப் படத்தை மேனேஜரிடம் காட்டி, மறுபடி எடுத்த ஸ்வாப்புக்குக் காசு வாங்காமல் செய்ய வைத்தேன்.

இந்தத் தடவை முழு ரிப்போர்ட். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே ஆர். டாக்டர் அதோடு விடவில்லை. ஈ கோலை சும்மாவும் அங்கே இருக்கலாம் என்று, ஸ்வாப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரையும் பார்த்தார். சீழ் செல்கள் நிறைய, நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் அநேகமாக இல்லை. அதன் பிறகுதான் மருந்து எழுதினார்.

மீன் வாடையோடு வரும் பாக்டீரியல் வஜைனோசிஸ் வேறு. அதற்கு க்ளூ செல் (பாக்டீரியா ஒட்டிய செல்) இருக்கிறதா, பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4.5-க்கு மேலே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், வழக்கமாக மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள், இந்தக் கல்ச்சர் தேவைப்படாது. ஆகவே எந்த டெஸ்ட், எதற்கு என்று டாக்டரிடமே கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் ஸ்வாப் வேண்டாம், முந்தின நாள் க்ரீம், உள்ளே கழுவுவது எதுவும் கூடாது. கர்ப்பமாக இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கவுண்டரில் சத்தமாகக் கேட்டால் வாயால் பதில் சொல்லாமல் சீட்டை நீட்டுங்கள், போதும்.