ஒரு வரி விகிதம், ஐந்து இடங்கள்

செப்டம்பர் 4, 2025

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்துவிட்டது. ரெடிமேட் துணிக்கு இனி பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. இதுவரை 1,000 வரை 5, மேலே 12. வருகிற 22-ம் தேதி அமல். ஹூடி, ஜாக்கெட்டுக்கு வரி இறங்குவதில் சேல்ஸ் ஆட்களுக்குக் குஷி. எனக்கு வேறு கவலை. எங்கள் பனியன் கம்பெனியில் அந்த 12 எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது? டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர், குடோன் சாஃப்ட்வேர், அவுட்லெட் பில்லிங், வெப்சைட், சேல்ஸ் எக்செல்.

செப்டம்பர் 6

எக்செல்தான் மோசம். தானாகக் கணக்குப் போடுகிற மேக்ரோ நிரலுக்குள், விலையோடு வரியைச் சேர்க்க 1.12 என்று நேரடியாக எழுதி, பாஸ்வேர்டும் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போயிருக்கிறார் ஒருவர்.

டாலியில் ஸ்டாக் குரூப்பில் ஒருமுறை விகிதம் வைத்தால் கீழே இருக்கிற ஐட்டங்களுக்கெல்லாம் அதுவே ஓடும். இங்கே ஐட்டம் ஐட்டமாக வைத்திருக்கிறார்கள். ஐட்டத்தில் இருப்பதுதான் செல்லும்; குரூப்பில் மாற்றிப் பயனில்லை. போதாததற்கு மெரூன் ஹூடி எல் சைஸுக்கு டாலியில் ஒரு கோட் நம்பர், குடோனில் ‘ஹூடி மெரூன் 42’, அவுட்லெட்டில் வெறும் பார்கோடு. மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்தவர் குடோன் அண்ணன் மட்டுமே. அவர் லீவு போட்டால் ஸ்டாக் கேட்டு யாரும் போன் செய்வதில்லை.

செப்டம்பர் 9

சாஃப்ட்வேர்க்காரர் வந்தார். ஐந்தையும் இணைக்க ஆறாவதாக ஒன்று விற்கிறார். “எல்லாம் தானா சிங்க் ஆயிடுங்க.” மூன்று பெயர் இருக்கிற ஹூடியை எதோடு எதைச் சிங்க் செய்வார் என்று கேட்டேன். எந்தப் பெயர் எதற்குச் சமம் என்கிற மேப்பிங்கை நாங்கள்தான் கொடுக்க வேண்டுமாம். அதைக் கொடுக்க முடிந்தால் இவர் எதற்கு?

எல்லாக் கணக்கையும் ஒரே திரையில் காட்டுகிற அவருடைய டாஷ்போர்டு முதலாளிக்குப் பிடித்துவிட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2023-ல் தன் வீடியோ தரக் கண்காணிப்புக் கருவியைத் தனித்தனிச் சேவைகளிலிருந்து ஒரே நிரலாக மாற்றி, செலவை 90%-க்கு மேல் குறைத்த கதையைச் சொன்னேன்.

“அவங்க அமேசானுங்க. நாம பனியன் கம்பெனி.”

“தனித்தனியா வச்சு இணைக்கிறது அவங்களுக்கே கட்டுபடியாகலைங்க.”

யோசிக்கிறேன் என்றார். மாட்டேன் என்று சொல்லாதவரை லாபம்.

செப்டம்பர் 12

தினமும் சாயங்காலம் எல்லோருக்கும் போகிற ஸ்டாக் ரிப்போர்ட் மெயிலை முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு திங்கட்கிழமையே நிறுத்தியிருந்தேன். கேட்டு வந்தது ஒரே ஒருவர், பேக்கிங் சூப்பர்வைசர். அவருக்கும் வேண்டியது மீதி அட்டைப்பெட்டி எண்ணிக்கை மட்டும். இனி அது வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் போகும். அந்த ரிப்போர்ட்டுக்காகவே தினமும் மூன்று இடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் “நெசமாவே வேண்டாமுங்களா சார்?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

செப்டம்பர் 18

குடோன் அண்ணனை உட்கார வைத்து ஐட்டம் பட்டியலை ஒன்றாக்கினோம். இனி ஸ்டாக் டாலியில் மட்டும். விகிதம் குரூப்பில் மட்டும். எக்செல் ஒழிந்தது. வெப்சைட்டும் அவுட்லெட்டும் தீபாவளி முடியும்வரை அப்படியே இருக்கட்டும். சீசன் நேரத்தில் பில்லிங்கில் கை வைக்க எனக்குப் பைத்தியமில்லை. அவற்றில் விகிதத்தை மட்டும் கையால் மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 22

காலையில் முதல் பில் 5%-ல் சரியாக விழுந்தது. மதியம் ஒரு கடைக்காரர் போன வார ஹூடிகளைத் திருப்பி அனுப்பினார். பழைய பில், அதனால் பில் தொகையைக் குறைக்கிற கிரெடிட் நோட்டும் பழைய 12%-லேயே. இந்தச் சிக்கல் சட்டத்தில் இருப்பது, நாம் நீக்க முடியாது.

குடோன் சர்வரை அணைக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும், எடுத்து வைக்காமல் அணைக்காதே என்றார். நாளை பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். முதலாளி பில் கேட்பார்.