ஈராக் ஒரு பக்கம், எய்ட்ஸ் மாத்திரை ஒரு பக்கம்

2003 ஜனவரியில், ஆப்பிரிக்க, கரீபியன் நாடுகளின் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் ஒதுக்கச் சொன்னார் அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அதே ஆண்டு மார்ச்சிலேயே ஈராக்கில் குண்டு போட்டவரும் அவர்தான். ஈராக்கை நான் மன்னிக்கவே மாட்டேன். அதற்காகப் பெப்ஃபார் என்ற அந்த எய்ட்ஸ் உதவித் திட்டத்தை நாடகம் என்று ஒதுக்கிவிட முடியாது. லட்சக்கணக்கானவர்கள் அந்தத் திட்டம் தந்த மாத்திரையால்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

அதிலும் குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும். தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் 'திருமணம்வரை உறவு வேண்டாம்' பிரசாரத்துக்கென்றே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அப்புறம், விலை குறைந்த இந்திய ஜெனரிக் மருந்துகளுக்கு வழிவிட்டபிறகுதான் அதே பணம் இன்னும் நிறையப் பேருக்கு எட்டியது.

2025 ஜனவரியில் டிரம்ப், பெப்ஃபார் உட்பட வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தினார். செலவைக் கணக்குப் பார்க்கட்டும், சரி. தினமும் மாத்திரை விழுங்கவேண்டிய நோயாளிக்கு ஒரு மாத அவகாசமாவது தந்திருக்கலாம்.